செத்த ஆட்டுக்குக் காசு உண்டு, பட்டினி கிடக்கிற ஆட்டுக்கு?

மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. புயலோ வெள்ளமோ வந்தால் தொலைக்காட்சியில் அடியில் ஓடுகிற இந்த மூன்று எண்களும் எங்கள் புதுச்சத்திரம் பக்கம் டீக்கடையில் உட்காருகிற எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தக் காசு எதற்கு வரும், எதற்கு வராது, யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "சர்க்காரு மாட்டுக்குக் காசு தருதுன்னு சொன்னாங்களே, எங்க மாடு போனதுக்கு ஏனுங்க வரல?" என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார். இயற்கை வழிக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் பலர் முதல் வேலையாக நாட்டுமாடும் ஆடும் வாங்குகிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது நாலு ஏக்கர் மானாவாரிச் செம்மண், ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். இரண்டு நாட்டுமாடு, இருபதுக்கு மேல் வெள்ளாடு. ஆடுகளில் பாதி சேலம் கருப்பு. உரக்கடைக்குப் போய்ப் பதினோரு வருசம் ஆகிறது. என் உரக்கடை பட்டியில்தான் இருக்கிறது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மாடு சாவது என்றால் பால் மட்டும் போவதில்லை. சாணி, கோமியம், அமுதக்கரைசல், அடுத்த போகத்துக்கான அடியுரம் எல்லாம் சேர்ந்து போகிறது. நிவாரணக் கணக்கில் இதற்கு ஒரு வரி கிடையாது.

முதலில் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது. நம் மாநிலத்தைப் பொறுத்தவரை அதில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநில அரசு. எந்த இழப்புக்கு எவ்வளவு என்று மத்திய உள்துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்குமான பட்டியலில் கறவை மாடு, எருமைக்கு 37,500, உழவு எருதுக்கு 32,000, கன்றுக்கு 20,000, வெள்ளாடு, செம்மறி, பன்றிக்கு 4,000, கோழிக்கு 100. இதற்கு முன்பு மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்று இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டாக்காரர்களுக்குக் கிடைத்தது அந்தப் பழைய கணக்கு. 2023 டிசம்பரில் சென்னையை மிக்ஜாம் புயல் அடித்தபோதும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியை வெள்ளம் முக்கியபோதும் புதிய கணக்கு அறிவிக்கப்பட்டது.

இதற்குள் ஒரு உச்சவரம்பு ஒளிந்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை உருப்படி 3, சின்ன உருப்படி 30 வரைதான். உங்கள் பட்டியில் ஐம்பது ஆடு வெள்ளத்தில் போனாலும் கணக்கில் ஏறுவது முப்பது. கோழிக்குக் குடும்பத்துக்கு 10,000 ரூபாய்தான் மொத்தம். நாமக்கல்லில் இருபதாயிரம் கோழி வைத்திருக்கிற பண்ணைக்காரருக்கு இது தீவன மூட்டைக் காசுகூட ஆகாது. அவர் வங்கிக் கடனும் காப்பீடும் பார்த்துக்கொள்வார் என்று வையுங்கள். புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்கிற ஆத்தாவுக்கு ஆயிரம் ரூபாய் பெரிய காசு. அந்த ஆத்தாதான் மனு எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் இருப்பார். பறவைக் காய்ச்சல் போன்ற நோயில் கோழி செத்தால் இந்த நிதியிலிருந்து வராது. அதற்குக் கால்நடைத் துறையில் வேறு திட்டம்.

சரி, எந்தச் சாவுக்குக் காசு? புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, ஆலங்கட்டி, நிலச்சரிவு என்று பட்டியல் போகிறது. வறட்சியும் அதில் இருக்கிறது, கவனியுங்கள். ஆனால் வறட்சியில் மாடு எப்படிச் சாகும்? புயலில் கொட்டகை விழுந்து செத்த மாதிரி ஒரே ராத்திரியில் சாகாது. மேய்ச்சல் காயும், தட்டுப்போர் கரையும், பால் வற்றும், விலா எலும்பு தெரியும். சாகிற வரைக்கும் எந்த உழவரும் கட்டுத்தறியில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார். அதற்கு முன்னால் சந்தைக்கு ஓட்டிவிடுவார்.

2017 ஆரம்பத்தில் நடந்தது அதுதான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். எங்கள் ஒன்றியத்திலேயே புதன்சந்தை இருக்கிறது. பெயர்தான் புதன்; மாட்டுச் சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. கேரள வியாபாரிகள் வருகிற பெரிய சந்தை. அந்த வருசம் மாசி, பங்குனியில் அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விற்க வந்த மாடு கூடுதல், வாங்க வந்த கை குறைவு. கன்றோடு வந்த மாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குத் திருப்பி ஓட்டிப்போனால் என்ன போடுவது என்பதுதான் பேச்சு. அப்படி விற்ற மாடு எந்தப் பட்டியலிலும் "இழப்பு" என்று ஏறவில்லை. ஏனென்றால் அது சாகவில்லை, விற்கப்பட்டது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். உலர் தீவனக் கிடங்குகள் திறந்தார்கள். மாடு ஒன்றுக்கு நாளைக்கு 3 கிலோ, கிலோ 2 ரூபாய். அந்த நேரத்தில் அது பெரிய உதவி. வாங்கிப் போட்டுச் சில மாடுகளைக் காப்பாற்றியவர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் கிடங்கு இருக்கிற ஊருக்கு வண்டி வைத்துப் போய், வரிசையில் நின்று, கட்டி ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு அந்த வைக்கோல் போய்ச் சேரவில்லை. கிடங்கு திறப்பதற்குள் சந்தையில் பாதி மாடு கைமாறியும் போயிருந்தது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே மத்திய அரசுப் பட்டியலில் கால்நடை முகாமுக்கு என்று ஒரு வரி இருக்கிறது. முகாமில் வைத்துத் தீனி போட்டால் பெரிய உருப்படிக்கு நாளைக்கு 80 ரூபாய், சின்ன உருப்படிக்கு 45 ரூபாய். கடும் வறட்சி என்றால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். 90 நாளுக்கு ஒரு மாட்டுக்கு 7,200 ரூபாய். அந்த மாடு செத்தால் கொடுக்க வேண்டியது 37,500. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத செலவில் மாடு உயிரோடு நிற்கும், கன்று போடும், சாணி போடும். ஆட்டுக்கு 90 நாளுக்கு 4,050; செத்த ஆட்டுக்கும் ஏறத்தாழ அதேதான். ஆனால் உயிரோடு இருக்கிற வெள்ளாடு அடுத்த ஈற்றில் இரண்டு குட்டி போட்டுவிடும்.

ஆகப் பணத்துக்கு வழி காகிதத்தில் இருக்கிறது. சிக்கல் அந்த "முகாம்" என்கிற சொல்லில். மகாராட்டிரத்தில் 2019 கோடையில் பீட் போன்ற மாவட்டங்களில் முகாம் நடத்தினார்கள். மாட்டோடு குடும்பமே போய்த் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்தது. அங்கே ஊர் ஊராகக் காலியானதால் அது ஓடியது. நம் பக்கம் ஒரு பொம்பளை ஆள் பன்னிரண்டு ஆடு, ஒரு மாடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று வைத்திருக்கிறார். அவர் எங்கே போய் முகாமில் உட்காருவது? அந்த 80 ரூபாயும் 45 ரூபாயும் கட்டுத்தறிக்கே வந்தால்தான் நமக்கு ஆகும்.

அடுத்தது, மேய்ச்சல் காடு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் கொறங்காடு என்பார்கள். கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். எங்கள் பக்கம் அவ்வளவு ஒழுங்கான கொறங்காடு குறைவு. ஆனாலும் பாறையும் செம்மண்ணும் கலந்த மேட்டுக்காட்டை வெள்ளாமை வைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கிறவர்கள் உண்டு. விதைக்காத நிலம் என்பதால் அது வீணான நிலம் இல்லை. உழாமல், உரம் போடாமல், மருந்து தெளிக்காமல் வருசா வருசம் இறைச்சியும் பாலும் எருவும் தருகிற காடு அது. இயற்கை வேளாண்மை என்று நாம் சொல்வதில் ஆகப் பழையது அதுதான் என்பது என் எண்ணம்.

மழை பொய்த்தால் நிலக்கடலை போட்டவருக்குப் பயிர் நிவாரணம் வரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் என்று கணக்கெடுத்தால். அந்தக் கணக்கு விதைத்த பயிருக்கு. மேய்ச்சல் காட்டுக்காரருக்கு அடங்கலில் பயிர் இல்லை. அதனால் பயிர் நிவாரணம் இல்லை. ஆடு சாகவில்லை. அதனால் கால்நடை நிவாரணமும் இல்லை. பக்கத்துக் காட்டில் கடலை காய்ந்ததும் இவர் காட்டில் புல் காய்ந்ததும் அதே வெயிலில்தான். ஒருவருக்குக் காசு, ஒருவருக்குக் கையை விரிப்பு.

அமெரிக்காவில் இதற்குக் காசு இருக்கிறது. அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு இரண்டு தனித்தனித் திட்டம். ஒன்று, கால்நடை செத்தால். மற்றொன்று, மேய்ச்சல் நிலம் காய்ந்தால். இரண்டாவதுக்கு மாடு சாக வேண்டியதில்லை. வாரா வாரம் நாடு முழுக்க வறட்சி வரைபடம் ஒன்று வெளியிடுகிறார்கள். உங்கள் வட்டாரம் குறிப்பிட்ட அளவு வறட்சியில் விழுந்துவிட்டால் மாட்டு எண்ணிக்கைப்படி, மாதத் தீவனச் செலவில் ஒரு பங்கு கணக்குக்கு வந்துவிடும். 2023, 2024 இரண்டு வருசத்து வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் சேர்த்து, 2025 மே மாதம் அந்த நாட்டு வேளாண் துறை நூறு கோடி டாலருக்கு மேல் அவசர உதவி அறிவித்தது. ஏற்கெனவே மேய்ச்சல் இழப்புக்கு மனுக் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருந்தவர்கள் மறுபடி மனுப் போட வேண்டியதில்லை. பழைய காகிதத்தை வைத்தே பணம் போட்டார்கள்.

அவர்களைப் பார்த்து ஏங்கச் சொல்லவில்லை. அங்கே பெரிய பண்ணைகளில் பல நூறு மாடு. ஒருவருக்கு 1,25,000 டாலர் வரை என்று வரம்பு வைக்க வேண்டிய நிலைமை. பெரிய பண்ணைக்குத்தான் பெரிய காசு போகிறது. நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டே விசயம். புல் காய்வதும் இழப்புதான் என்று ஒத்துக்கொண்டது. ஒரு தடவை கொடுத்த காகிதத்தை மறுபடி கேட்காதது.

கென்யா நமக்கு இன்னும் பக்கம். வடக்கே மார்சபிட் என்கிற வறண்ட மாவட்டத்தில் 2010-இல் ஒரு கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். மாடு செத்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் அந்த வட்டாரத்தின் பச்சை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, அளவுக்குக் கீழே போனால் எல்லோருக்கும் பணம். 2015-இல் அந்த நாட்டு அரசே ஏழை மேய்ச்சல்காரர்களுக்குப் பிரீமியம் கட்டி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் மாடு சாகும்வரை காத்திருக்காமல், பச்சை குறைய ஆரம்பிக்கும்போதே தீவனம் வாங்கக் காசு என்று மாற்றினார்கள். அதில் குறைகளும் இருந்தன. வட்டாரம் முழுக்கப் பச்சையாகத் தெரிந்து, ஒருவர் காடு மட்டும் காய்ந்திருந்தால் அவருக்குக் கிடைக்காது. ஆனாலும் யோசனை சரியான பக்கம் திரும்பியிருக்கிறது. நாமக்கல், சேலம் மாதிரி இடத்தில் ஒன்றிய அளவில் மழைமானி இருக்கிறது, படமும் இருக்கிறது. நம்மால் முடியாதது ஒன்றுமில்லை.

நாய் விசயத்துக்கு வருகிறேன். தெருநாய் கடித்து ஆடு சாவது பேரிடர்ப் பட்டியலில் கிடையாது. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் பட்டி பட்டியாகச் செம்மறிகள் கடிபட்டுச் செத்து, உழவர்கள் செத்த ஆட்டைச் சாலையில் போட்டுப் போராடிய பிறகுதான் அரசு அசைந்தது. 2025-இல் நாய் கடித்து இறந்த கால்நடைக்கு இழப்பீடு என்று வந்தது: மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200. பேரிடருக்குக் கொடுப்பதைவிட ஆட்டுக்கு 2,000 கூடுதல். எங்கள் பக்கம் சினையாடு ஒன்று பத்தாயிரத்துக்குக் குறைந்து வராது. ஆனாலும் சாலையில் உட்கார்ந்தவர்கள் வாங்கிக் கொடுத்த 6,000 அது.

என் பக்கத்துக் காட்டு அக்காவுக்கு ஏழு ஆடு ஒரே ராத்திரியில் போனது. விடிந்து பார்த்தால் பட்டி முழுக்க ரத்தம். அக்கா அழுதுகொண்டே, நாற்றம் வந்துவிடும் என்று பொழுது சாய்வதற்குள் குழி வெட்டிப் புதைத்துவிட்டார். மூன்றாம் நாள்தான் இழப்பீடு இருக்கிறது என்று யாரோ சொல்லி, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "பிரேதப் பரிசோதனைச் சான்று எங்கம்மா?" என்று கேட்டார்கள். "புதைச்ச ஆட்டைத் தோண்டியா கொண்டாருவேன் சாமி?" என்றார் அக்கா. போட்டோவும் இல்லை. இரண்டு இடத்துக்கு அலைந்தோம், ஓர் இடத்தில் இன்னோர் இடத்தைக் காட்டினார்கள். ஒரு ஆட்டுக்குக்கூடக் காசு வரவில்லை. அந்த ஏழில் நாலு சினை.

ஆகவே இதை மனதில் வையுங்கள், வீட்டுப் பெண்களிடம் முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் ஆடு பார்ப்பது அவர்கள்தான். உருப்படி செத்துக் கிடந்தால் அழுகை அடங்குவதற்கு முன்னாலேயே கைப்பேசியில் நாலு படம் எடுத்துவிடுங்கள். காயம் தெரிகிற மாதிரி ஒன்று, பட்டியும் சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி ஒன்று, நீங்களும் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று, காதில் கம்மல் இருந்தால் அந்தப் பன்னிரண்டு இலக்க எண் தெரிகிற மாதிரி ஒன்று. அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிட வேண்டும். பரிசோதனை முடிந்து சான்று கைக்கு வரும் என்று உறுதியான பிறகுதான் குழி. நாய்க் கடி என்றால் ஊராட்சிக்கும் எழுத்தில் ஒரு மனு, அதற்கு ரசீது. வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது. ஆதார், வங்கிப் புத்தக நகல் வீட்டில் ஒரு உறையில் தயாராக இருக்கட்டும்.

நோயில் செத்தால்? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நோய்ச் சாவுக்குப் பேரிடர் நிதியில் இடமில்லை. 2022-இல் பெரியம்மை என்கிற தோல்கழலை நோய் பரவியபோது மகாராட்டிர அரசு மாட்டுக்கு 30,000, எருதுக்கு 25,000, கன்றுக்கு 16,000 என்று தனியாக அறிவித்துக் கொடுத்தது. கர்நாடகத்தில் செம்மறி, வெள்ளாடு திடீரென்று செத்தாலே 5,000 ரூபாய் என்கிற "அனுகிரக" திட்டத்தை 2023-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பேரிடர் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டினால் இருக்கிற ஒன்று நமக்கு ஏன் இல்லை என்று கேட்பதில் தப்பில்லை.

அதுவரைக்கும் காப்பீடுதான் வழி. 2024 பிப்ரவரியில் தேசியக் கால்நடை இயக்கத்தில் உழவர் பங்கைக் குறைத்துப் பிரீமியத்தில் 15 விழுக்காடு என்று ஆக்கினார்கள். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஒரு குடும்பத்துக்குப் பத்து மாட்டு அலகு வரை. ஒரு அலகு என்றால் ஒரு மாடு, அல்லது பத்து ஆடு. அதாவது நூறு ஆடு வரை போடலாம். ஆனால் வருசத்துக்கு ஒதுக்கீடு கொஞ்சம்தான் வரும், வந்ததும் தீர்ந்துவிடும். சித்திரையிலேயே மருத்துவமனையில் பேர் சொல்லி வையுங்கள். கம்மல் கழன்று விழுந்தால் உடனே சொல்லி மாற்றுக் கம்மல் போட்டுக்கொள்ளுங்கள். கம்மல் இல்லாத மாட்டுக்குக் காப்பீட்டுக்காரர் ஒரு காசு தரமாட்டார். நாட்டுமாட்டுக்கு மதிப்புப் போடும்போது பாலை மட்டும் வைத்துக் குறைத்துப் போடுவார்கள். அந்த இடத்தில் பேசி வாங்குங்கள், அப்புறம் பேசிப் பயனில்லை.

நம் கையில் இருக்கிறதையும் சொல்லிவிடுகிறேன். என் காட்டில் வேலி முழுக்கக் கிளுவை, மேட்டில் வெள்வேல், வாகை, வேம்பு, வரப்பில் அகத்தி. மானாவாரியில் ஒரு ஏக்கர் சோளம் தட்டுக்காகவே. கடலைக்கொடியை விற்பதில்லை. வெள்வேலங்காயைப் பொறுக்கி மூட்டை கட்டிவைத்தால் பங்குனி, சித்திரையில் ஆட்டுக்கு அதைவிடத் தீனி இல்லை. போர் ஒன்று மிச்சம் இருக்கிற வீட்டு மாடு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகாது. ஆனால் இதை வைத்து "உழவனே பார்த்துக்கொள்வான்" என்று யாரும் கணக்கு முடிக்கக் கூடாது. இரண்டு வருசம் அடுத்தடுத்து மழை பொய்த்தால் எந்தப் போரும் தாங்காது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கிற உழவர் குறைதீர் கூட்டத்தில் நாங்கள் மூன்று கோரிக்கை வைக்கப் போகிறோம். மேய்ச்சல் காட்டை அடங்கலில் மேய்ச்சல் என்றே பதிந்து, வறட்சி அறிவித்தால் ஏக்கர் கணக்கில் நிவாரணம் தர வேண்டும். முகாமுக்கு என்று இருக்கிற 80, 45 ரூபாயை வீட்டுக் கட்டுத்தறிக்கே, கம்மல் எண்ணை வைத்து, வங்கிக் கணக்கில் போட வேண்டும். மருத்துவர் வர முடியாத நாளில் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் படத்தோடு கையெழுத்துப் போட்டால் அதைச் சான்றாக ஏற்க வேண்டும். வருகிறவர்கள் அடங்கல் நகல் ஒன்று, ஆடு மாடு எண்ணிக்கை எழுதிய தாள் ஒன்று கொண்டு வாருங்கள். 2017-இல் மாட்டை விற்றவர்கள் அப்போது இருந்தது எத்தனை, விற்றது எத்தனை, என்ன விலைக்கு என்று நினைவில் உள்ளதை எழுதிக்கொண்டு வந்தால் மனுவோடு சேர்த்துவிடலாம்.